அஜ்ஜிக்கு வலிக்கிறதா?

ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். ஒரு கட்டிலில் இருப்பவர் வார்டே அதிரக் கத்துகிறார். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடக்கிறார். நர்ஸ் கத்துகிறவரிடம் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டு, அசையாதவரிடம் பத்து நிமிடம் நிற்கிறார். போர்வையை விலக்கிப் பார்க்கிறார், கையைப் பிடிக்கிறார், காதருகே குனிந்து பெயர் கேட்கிறார், ஏதோ எழுதிக்கொள்கிறார். துணைக்கு வந்தவர்களுக்கு விளங்குவதில்லை. கத்துகிறவருக்குத்தானே வலி அதிகம்?

ரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. சர்க்கரைக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். வலிக்கு மட்டும் இன்றுவரை அப்படி ஒன்று வார்டுக்கு வரவில்லை. உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் நேரடியாகத் தெரிகிற விஷயம் அது. அந்த ஆளால் பேச முடியாவிட்டால்? பிறந்து இரண்டு நாளான குழந்தை, மறதிநோய் முற்றிய பாட்டி, தொண்டையில் குழாய் போட்டவர், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர். இவர்களுக்கு வலிக்கிறதா, மனம் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று நர்ஸ் எப்படிக் கண்டறிகிறார்?

இந்தக் கேள்வியோடு சுற்றிப் பார்க்க மைசூர் நல்ல ஊர். கிருஷ்ணராஜேந்திரா ஆஸ்பத்திரிக்கு, ஊரார் வாயில் கே.ஆர். ஆஸ்பத்திரிக்கு, மண்டியா, சாமராஜநகர், குடகு என்று சுற்றுப்புற ஜில்லாக்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். கன்னடம், தமிழ், உருது, மலையாளம், குடகு மொழி, காட்டோரத்து ஜேனு குறும்பர் பேச்சு என்று ஒரே வார்டில் எல்லாம் காதில் விழலாம். மொழி தெரியாத நோயாளியும் மொழி இழந்த நோயாளியும் இங்கே அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கக்கூடும்.

பத்துக்கு எத்தனை?

பேசக்கூடியவரிடமிருந்து தொடங்குவோம். "வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் பத்து. இப்போது எத்தனை?" இன்று உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்களுக்கே சிலசமயம் சங்கடமாக இருக்கும். வலிக்கு மார்க் போடுவதா?

மார்க் இல்லை அது. ஒருவருடைய ஏழும் இன்னொருவருடைய ஏழும் ஒன்றல்ல. அவற்றை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. காலையில் எட்டு சொன்னவர் ஊசி போட்ட பிறகு நான்கு சொன்னால், அந்த வித்தியாசம்தான் செய்தி. எண்ணில் சொல்லிப் பழக்கமில்லாத ஒரு விவசாயியிடம், "நேத்து ஒரு ரூபாய் வலின்னா இன்னிக்கு எத்தனை பைசா?" என்று கேட்டாலும் இதே வேலை நடக்கும்.

எண்ணைவிடச் சொல் அதிகம் சொல்லும். 1975இல் கனடாவின் மான்ட்ரியலில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர், நோயாளிகள் வலியை வருணிக்கும் சொற்களைச் சேகரித்து வகைப்படுத்தி ஒரு கேள்வித்தாளாக்கினார். தமிழில் அந்த வேலையை நம் பாட்டிகள் என்றோ முடித்துவிட்டார்கள். குத்துகிறது, எரிகிறது, கடுக்கிறது, குடைகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது. எரிச்சலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால் நரம்பில் சந்தேகம். விண்விண்ணென்றால் சீழோ வீக்கமோ இருக்கலாம். பிடித்துப் பிடித்து விட்டால் குடல், சிறுநீர்க்குழாய் போன்ற உள்ளீடற்ற உறுப்பு. நர்ஸ் அந்தச் சொல்லை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினால் டாக்டருக்குப் பாதி வழி மிச்சம்.

மைசூர் வார்டுகளில் ஒரு கன்னடச் சொல் தமிழர் காதைத் தொடும். வலிக்குக் கன்னடத்தில் நோவு. "நோவு இதெயா?" என்று நர்ஸ் கேட்டால் அகராதி தேட வேண்டியதில்லை. பிள்ளை நோவு, இடுப்பு நோவு என்று நாம் பிரசவ அறைக்குள் ஒதுக்கி வைத்த சொல் அங்கே எல்லா வலிக்கும் பொதுவாக உயிரோடிருக்கிறது. இலங்கைத் தமிழரும் "நோகுது" என்றுதான் சொல்கிறார்கள்.

1968இல் மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ் தன் தொழிலுக்கு ஓர் அடிப்படை விதி வகுத்தார். வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதே. பார்ப்பவரின் ஊகத்துக்கு இரண்டாம் இடம்தான். அதுவரை பெரும்பாலும் டாக்டரின் கணிப்பில் இருந்த வலியை நோயாளியின் வாய்க்கு மாற்றிய விதி அது. நல்ல விதி. ஆனால் வாய் திறக்க முடியாதவர்களை அது வெளியே நிறுத்திவிட்டது.

சொல்லத் தெரியாத பிள்ளை

முதலில் வெளியே நின்றவர்கள் பச்சைக் குழந்தைகள்.

இன்று நம்பக் கடினமாக இருக்கும். 1980களின் நடுப்பகுதி வரை, முன்னேறிய நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட, குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது உடம்பை அசையாமல் நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு, வலியைப் போக்கும் மருந்தை மிகக் குறைவாகவோ கொடுக்காமலோ விட்டார்கள். கொடுமை செய்யும் எண்ணமில்லை. பிஞ்சு நரம்பு வலியை உணராது, மயக்க மருந்துதான் ஆபத்து என்று நம்பினார்கள். குழந்தை அசையவில்லை. அசையாததால் வலிக்கவில்லை என்று ஆனது.

இந்த நம்பிக்கையை உடைத்ததில் ஓர் இந்தியருக்குப் பெரிய பங்குண்டு. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், அறுவை அறையிலிருந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகளின் நிலை மோசமாக இருப்பதைக் கவனித்தார். இதயத்தருகே ஒரு ரத்தக்குழாயை மூடும் அறுவை செய்யப்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஃபென்டானில் என்ற வலிநீக்கியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்துக்கொண்ட குழந்தைகளின் ரத்தத்தில், உடம்பு தவிக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன; பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு. 1987இல் லான்செட் இதழில் இது வெளியானது. குழந்தையால் சொல்ல முடியாததை அதன் ரத்தம் சொல்லியது.

ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது. அந்த ஊசியே வலி. ஆகவே கண்ணால் பார்த்துக் கணிக்கும் அளவுகோல்கள் வந்தன. 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இவற்றை உருவாக்கியவர்களில் நர்ஸுகள் முன்னணியில் இருந்தார்கள். காரணம் எளிது. டாக்டர் வந்து போகிறார், நர்ஸ் எட்டு மணி நேரம் அங்கேயே இருக்கிறார். 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அளவுகோல் முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தைப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. கூட்டினால் பத்துக்குள் ஓர் எண்.

பச்சைக் குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தும்போது பாருங்கள். புருவம் திரண்டு புடைக்கும். கண் இறுகும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஒரு மடிப்பு ஆழமாக விழும். பசியழுகையில் இந்த மூன்றும் இவ்வளவு அழுத்தமாக ஒன்றுசேர்ந்து வருவது குறைவு. அதே குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைத்தோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டோ குத்தினால் இந்த அடையாளங்கள் தணிவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கு முகப் படங்கள் உண்டு. சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும் ஆறு படங்கள். 1980களில் அமெரிக்காவின் டல்சா நகரில், தீக்காயப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்த டோனா வாங் என்ற நர்ஸும் கானி பேக்கரும் உருவாக்கியவை. இதில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. நர்ஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்து, அதற்கு ஒத்த படத்தைத் தானே தேர்ந்தெடுத்துவிடுகிறார். படம் அதற்கல்ல. தேர்ந்தெடுக்க வேண்டியது குழந்தை. வெளியே சிரித்துக்கொண்டு அழுகிற முகத்தைத் தொட்டுக் காட்டும் பிள்ளைகள் உண்டு.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வலிக்கு ஓர் இலக்கணம் எழுதியது. 41 ஆண்டுகள் கழித்து, 2020இல், சீனிவாச ராஜா தலைமையிலான குழு அதைத் திருத்தியது. வாயால் சொல்வது வலியைத் தெரிவிக்கும் பல வழிகளில் ஒன்றுதான். சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதைத் திருத்தக் குறிப்புகளில் தெளிவாகச் சேர்த்தார்கள்.

பூக்காரப் பாட்டியின் ஐந்து அடையாளங்கள்

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 78 வயதுப் பாட்டி. மைசூரின் தேவராஜா மார்க்கெட்டில் பல வருடம் மல்லிகை விற்றவர். தாய்மொழி தமிழ்; வியாபாரமெல்லாம் கன்னடம். மூன்று வருடமாக மறதிநோய். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வார்டில் கிடக்கிறார். நாளைக்கு ஆபரேஷன். இரவு டியூட்டிக்கு வந்த நர்ஸுக்குக் கன்னடம் மட்டும் தெரியும்.

முதல் வேலை, கேட்பது. மறதிநோய் என்று எழுதியிருந்தாலும் கேட்டாக வேண்டும். நேற்றை மறந்தவருக்கு இந்த நிமிடத்து வலி தெரியும். நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "அஜ்ஜி, நோவு இதெயா?" என்கிறார். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. பதிலில்லை. அடுத்த கேள்வியைப் போடாமல் காத்திருக்கிறார். அரை நிமிடம் கழித்து, "இல்ல" என்று வருகிறது.

இங்கே பலர் எழுந்து போய்விடுவார்கள். வலி இல்லையாம். முதியவர்களில் பலர் 'வலி' என்ற சொல்லை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்கு அது புகார் சொல்வதுபோல. "குத்துதா? இழுக்குதா? உளையுதா?" என்று வேறு சொல்லில் கேட்டால் தலை அசையும். துணைக்கு இருக்கும் மகள் தமிழில் அப்படிக் கேட்கிறார். "உளையுதுடி" என்கிறார் பாட்டி. மறதிநோயில் பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுவது உண்டு. பாட்டியிடம் கன்னடம் குறைந்துகொண்டே வருகிறது, தமிழ் மிச்சமிருக்கிறது.

அடுத்த வேலை, பார்ப்பது. மறதிநோய் முற்றியவர்களுக்கென்று 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். மூச்சு, குரல், முகம், உடல், தேறுதல். இதிலும் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை.

மூச்சு சீராக இருக்கிறது: பூஜ்யம். அவ்வப்போது முனகல்: ஒன்று. நெற்றி சுருங்கியிருக்கிறது: ஒன்று. விரல்கள் போர்வையில் ஓயாமல் எதையோ நெருடிக்கொண்டே இருக்கின்றன. அமைதியில்லாத அசைவு: ஒன்று. கையைப் பிடித்தால் முனகல் நிற்கிறது, தேறுகிறார்: ஒன்று. மொத்தம் நான்கு.

அப்போது மகள் கன்னடத்தில் குறுக்கிடுகிறார். "சிஸ்டர், அந்த விரல் வலியில ஆடலை. அம்மா பூ கட்டுறாங்க. வீட்லயும் சும்மா உட்கார்ந்தா இப்படித்தான்."

நர்ஸ் குனிந்து பார்க்கிறார். உண்மைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நாரைச் சுற்றி முடிச்சுப் போடுகின்றன. இது தவிப்பல்ல, பழக்கம். ஒன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதுகிறார். பிறகு நல்ல நர்ஸ் கேட்கும் கேள்வியைக் கேட்கிறார்: உண்மையிலேயே வலித்தால் அஜ்ஜி என்ன செய்வார்? "அழமாட்டாங்க. முந்தானையைப் பல்லுல கடிச்சுக்குவாங்க." எந்த அச்சடித்த அளவுகோலிலும் இந்த முந்தானை இல்லை. கேஸ் ஷீட்டின் ஓரத்தில் அது ஏறுகிறது. மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக மிச்சிகன் அளவுகோலை 2006இல் திருத்தியபோதும் இதைத்தான் செய்தார்கள். அந்தந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுத இடம் விட்டார்கள்.

பாட்டியின் எண் இப்போது மூன்று. மூன்று என்றால் லேசுதானே?

இன்னும் ஒரு வேலை பாக்கி. படுக்கை விரிப்பை மாற்ற இரண்டு பேர் சேர்ந்து பாட்டியை மெல்லப் புரட்டுகிறார்கள். மூச்சு திணறுகிறது: ஒன்று. "ஐயோ ஐயோ" என்ற குரல் நிற்கவில்லை: இரண்டு. முகம் கோணுகிறது: இரண்டு. முஷ்டி இறுகி நர்ஸின் கையைத் தள்ளுகிறது: இரண்டு. மகள் தலையைத் தடவினால் கொஞ்சம் அடங்குகிறது: ஒன்று. மொத்தம் எட்டு. முந்தானை பல்லில் இருக்கிறது.

படுத்திருக்கும்போது மூன்று, புரட்டும்போது எட்டு. முறிந்த எலும்பு அசையும்போதுதான் பேசும். அசைக்காமல் எடுத்த கணக்கு பாதிக் கணக்கு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் துணைச் சாட்சிகளாக வரலாம். வலி நீடித்தால் அவை பழையபடி அடங்கிவிடுவதுண்டு, ஆகவே அவற்றை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

டாக்டர் எழுதிக்கொடுத்த வலிமருந்து ஏறுகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி புரட்டிப் பார்க்கிறார்கள். முனகல் ஒன்று, நெற்றிச் சுருக்கம் ஒன்று, உடல் இறுக்கம் ஒன்று. மூன்று. இந்த இரண்டாவது கணக்கு எழுதப்படாவிட்டால் முதல் கணக்குக்கு மதிப்பில்லை. இந்த எட்டும் வாய் பேசும் ஒருவர் சொல்லும் எட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இது வலியின் எடை அல்ல, வலி இருப்பதற்கான சாட்சிகளின் எண்ணிக்கை.

இத்தனை பாடு எதற்கு? நியூயார்க்கில் ஷான் மாரிசன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. ஒரே மாதிரி இடுப்பெலும்பு முறிந்தவர்கள். மறதிநோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின் வகை மருந்து, மனம் தெளிவாக இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். எலும்பு ஒரே மாதிரி முறிந்திருந்தது. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு மேல் இன்னொரு பூட்டும் இருந்தது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை வாங்கி வைப்பதையே ஆஸ்பத்திரிகளுக்குப் பெரும் தலைவலியாக்கியது. வலிநிவாரண மருத்துவர்கள் நெடுங்காலம் போராடியபின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது.

உளைச்சல்

தமிழில் ஒரு சொல் உடம்புக்கும் மனத்துக்கும் சேர்த்து வேலை செய்கிறது. கால் உளைச்சல், மன உளைச்சல். வலிக்கும் மனத்துக்கும் நடுவே மருத்துவம் சுவர் எழுப்பியிருக்கிறது, மொழி எழுப்பவில்லை. படுக்கையோரத்தில் நிற்கும் நர்ஸுக்கு மொழிதான் சரியென்று படும்.

அதே பாட்டி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரப் பார்க்கிறார். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்கிறார். இறந்துபோன கணவரைக் கூப்பிடுகிறார். மகளைப் பார்த்து "யாரு நீ?" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள், "புத்தி பேதலிச்சிடுச்சு" என்கிறார்கள்.

இப்போது நர்ஸுக்குத் தேவை ஒரே கேள்வி: எப்போதிலிருந்து? மறதிநோய் வருடக்கணக்கில் ஊறி வருவது. மனச்சோர்வு வாரக்கணக்கில் கவிவது. மணிக்கணக்கில், ஒரே இரவில் புரட்டிப்போடுவது மூன்றாவது ஒன்று. மருத்துவர்கள் டெலிரியம் என்பதை நாம் திடீர்க் குழப்பம் என்று அழைக்கலாம். மறதிநோய் உள்ளவருக்கு அதன்மேல் இதுவும் வரும். வருவதற்கு வாய்ப்பும் அதிகம். "சாயங்காலம்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே" என்று மகள் சொன்னால், அந்த ஒரு வரியே பாதி நோயறிதல்.

மீதிப் பாதிக்கு 1990இல் ஷாரன் இனோயி என்ற அமெரிக்க மருத்துவர் எளிய வழி சொன்னார். குழப்பம் திடீரென வந்து ஏறி இறங்குகிறதா? கவனம் நிலைக்கவில்லையா? இந்த இரண்டும் இருந்து, அதோடு பேச்சில் தொடர்பின்மையோ, விழிப்பில் மாற்றமோ ஏதாவது ஒன்றும் இருந்தால் அது திடீர்க் குழப்பம். தொண்டைக் குழாயோடு இருப்பவர்களுக்கு இதையே 2001இல் மாற்றியமைத்தார்கள். நர்ஸ் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகள் பத்தை ஒவ்வொன்றாகச் சொல்வார். நான்கு இடத்தில் 'ஏ' வரும். 'ஏ' கேட்கும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் போய்விட்டது. ஒரு சொல்கூடப் பேச வேண்டாம்.

ஆங்கில எழுத்தே தெரியாதவரிடம் இதை அப்படியே பயன்படுத்த முடியாது. இந்திய மனநல மதிப்பீட்டில் இது பழைய பிரச்சினை. மேற்கத்திய நினைவுச் சோதனையில் 'கண்ணை மூடுங்கள்' என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். படித்து அதன்படி செய்தால் மதிப்பெண். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் பள்ளிக்கே போகாத முதியவர்களுக்காக 1990களில் மேரி கங்குலி குழுவினர் அதை மாற்றினார்கள். என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். எழுத்தறியாமையை மறதியாகக் கணக்கிடும் பிழை அதோடு நீங்கியது. வார்டில் இதன் எளிய வடிவம், கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது. சனி, வெள்ளி, வியாழன். வருடங்களாகச் சந்தையில் நாள் கணக்கு வைத்த பூக்காரப் பாட்டியால் நேற்றுவரை ஓரளவு முடிந்தது. இன்று வெள்ளியைத் தாண்ட முடியவில்லை.

திடீர்க் குழப்பம் என்று பெயர் வைத்தாயிற்று. அது பெயர்தான், காரணமில்லை. நர்ஸ் தேடத் தொடங்குகிறார். காய்ச்சல் இருக்கிறதா? ஆக்சிஜன் சரியா? மூக்குக் கண்ணாடி எங்கே? மலம் போய் எத்தனை நாள்? வலிமருந்து மலத்தைக் கட்டும். போர்வையை விலக்கி அடிவயிற்றில் உள்ளங்கையை வைக்கிறார். கவிழ்த்த செம்புபோல் கெட்டியாகப் புடைத்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் இறங்கவில்லை. பாட்டிக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. டியூப் போட்டதும் சிறுநீர் நிறைய இறங்குகிறது. எறும்புகள் உடனே போய்விடவில்லை. விடியும்போது பாட்டி தூங்குகிறார்.

பேதலித்த புத்தி என்று நினைத்தது நிரம்பிய சிறுநீர்ப்பையாக இருந்தது. இப்படி எத்தனையோ நடக்கிறது. நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் மறதிநோயோடு முரண்டு பிடித்துக்கொண்டிருந்த 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் படிப்படியாக வலிமருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமாலே போதுமாயிற்று. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் முரண்டும் ஆர்ப்பாட்டமும் 17 சதவீதம் குறைந்தன. மனநோய் மருந்து தேவை என்று நினைத்த இடத்தில் மூட்டுவலி இருந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது உண்மை. வலிமருந்து கொடுத்தால் குழப்பம் வரும் என்று பயந்து கொடுக்காமல் விடுவார்கள். மாரிசன் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், இடுப்பெலும்பு முறிந்தவர்களில் மார்ஃபின் வகை மருந்தை மிகக் குறைவாகப் பெற்றவர்களுக்கே திடீர்க் குழப்பம் கூடுதலாக வந்தது. மருந்து கலக்குவதுண்டு, தீராத வலியும் கலக்கும்.

இனி அந்த முதல் காட்சிக்குத் திரும்பலாம். சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தவர். திடீர்க் குழப்பத்தின் இன்னொரு முகமாக அது இருக்கலாம். கத்தாது, பிடுங்காது, தொந்தரவு தராது. 'சமத்தான பேஷண்ட்' என்று எல்லோரும் கடந்துபோவார்கள். உள்ளே கிருமித்தொற்று ஏறிக்கொண்டிருக்கலாம், வலி தாளாமல் உடம்பு அசைய மறுத்திருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். நர்ஸ் அவரிடம் பத்து நிமிடம் நின்றது அதனால்தான். நெருக்கியடித்த வார்டில் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவது பெரிய தியாகம். அதற்கு ஆள் போதவில்லை என்பது நர்ஸின் குற்றமல்ல.

வாய் மட்டும் வராதவர்

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச்சு வராததெல்லாம் குழப்பமல்ல.

பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கினால் சிலருக்குச் சொல் மட்டும் அறுந்துபோகும். கேட்பது புரியும், யார் யாரென்று தெரியும், வலிக்கும், சொல்ல வராது. 'ஆம்' என்று நினைத்து 'இல்லை' என்று வாயில் வந்துவிடுவதும் உண்டு. இவர்களைக் கலங்கியவர்கள் என்று எழுதிவிட்டால் எல்லாமே தவறாகப் போகும்.

மைசூர் மானசகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம் இப்படிப் பேச்சிழந்தவர்களுக்குப் பல பதிற்றாண்டுகளாகப் பயிற்சி அளித்துவருகிறது. அங்கே பயன்படும் படப் பலகை போன்ற உத்திகள் வார்டுக்கும் பொருந்தும். உடம்பின் படத்தைக் காட்டி எங்கே என்று தொடச் சொல்லலாம். ஒரே கேள்வியை நேராக ஒருமுறையும் மாற்றி ஒருமுறையும் கேட்கலாம். "வலிக்குதா?" என்பதற்கும் "சுகமா இருக்கா?" என்பதற்கும் இரண்டுக்குமே தலையாட்டினால் அந்தத் தலையாட்டலை நம்பாமல், முகத்தையும் உடம்பையும் பார்க்க வேண்டும்.

1934ஆம் ஆண்டுப் பேரேடு

நர்ஸ் எழுதும் சின்னக் குறிப்புக்கு எவ்வளவு ஆயுள் என்பதற்கு மைசூரிலேயே சாட்சி இருக்கிறது. மண்டி மொஹல்லாவிலுள்ள சி.எஸ்.ஐ. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரியை ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். அங்கே 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு பேரேட்டில் பதிவாகி வந்தன. எழுதியவர்களுக்கு அது அன்றாட வேலை.

அரை நூற்றாண்டு கழித்து, பிரிட்டனின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த கேரலின் ஃபால் குழுவினரும் மைசூர் ஆய்வாளர்களும் அந்தப் பேரேட்டைத் திறந்தார்கள். அதில் இருந்தவர்களில் இன்னும் ஊரில் வாழ்பவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். பிறக்கும்போது எடை குறைந்தவர்களுக்கு நடுவயதில் இதயநோய் அதிகம் என்ற 1996ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை அதிலிருந்து வந்தது. பிறகு அதே பேரேட்டுக் குழந்தைகள் முதுமையை எட்டியபோது, அவர்களுடைய நினைவாற்றலையும் மனச்சோர்வையும்கூட அளந்தார்கள். பிரசவ அறையில் ஒருவர் அக்கறையோடு எழுதிய எண், பல பத்தாண்டுகள் கழித்து மனநிலையைப் புரிந்துகொள்ளப் பயன்பட்டது.

வலிக் கணக்குக்கு அவ்வளவு நீண்ட ஆயுள் வேண்டாம். அடுத்த டியூட்டி நர்ஸ் வரும்வரை இருந்தால் போதும். "கட்டில் 14, வலி இருக்கு" என்று சொல்லிப்போவதற்கும், "படுத்தால் 3, புரட்டினால் 8, மருந்துக்குப் பின் 3, வலித்தால் முந்தானை கடிப்பார், பூ கட்டுவது பழக்கம், தமிழில் கேட்கவும்" என்று எழுதிப்போவதற்கும் உள்ள தூரம், அந்தப் பாட்டிக்கு ஓர் இரவின் தூரம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரைச் சீட்டோடு இன்னொரு தாளையும் எழுதி எடுத்துப் போங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள், எந்த மொழியில் பேசினால் பதில் வரும், எந்தக் காது கேட்கும், வலித்தால் என்ன செய்வார், சும்மா இருக்கும்போது கை என்ன செய்யும், நேற்றுவரை எது முடிந்தது, இன்று எது முடியவில்லை. கண்ணாடியையும் காதுக் கருவியையும் பையில் போடுங்கள். தாளை நர்ஸின் கையில் கொடுத்து, கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். டியூட்டி மாறும்போது அடுத்து வருபவரிடமும் அதைக் காட்டுங்கள்.